டார்டகோவர் தற்காப்பு: இ7 ராணியா, பி7 ராணியா? 1972-இன் ஆறாவது ஆட்டத்தை வைத்து ஒரு முழு வழிகாட்டி

சதுரங்கத்தில் குயின்ஸ் கேம்பிட்டை (1. டி4 டி5 2. சி4) ஏற்காமல் இ6 ஆடும் கறுப்புக்குத் தீராத தலைவலி ஒன்று உண்டு: சி8 பிஷப். இ6-இல் சிப்பாய் வந்ததும் அதன் வழி அடைபட்டுவிடும். அதை விடுவிக்க சவியலி டார்டகோவர் காட்டிய வழி, ஏழாவது நகர்த்தலில் பி6. பிற்காலத்தில் மகோகொனோவ், போண்டரெவ்ஸ்கி ஆகிய சோவியத் ஆட்டக்காரர்கள் இதைச் செப்பனிட்டதால் மூவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதும் வழக்கம். அந்த போண்டரெவ்ஸ்கிதான் 1969-இல் போரிஸ் ஸ்பாஸ்கி உலகப் பட்டம் வென்றபோது அவருடைய பயிற்சியாளர். ஆகவே 1972 ஜூலை 23 அன்று ரெய்க்யவிக்கில், உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில், பாபி ஃபிஷர் ஸ்பாஸ்கியை இந்தத் தற்காப்புக்குள் இழுத்தபோது, அது ஸ்பாஸ்கிக்குச் சொந்த வீடு போன்ற களம். அங்கேயே அவர் தோற்றார்.

இந்த வழிகாட்டி 1200 முதல் 1900 வரை ரேட்டிங் உள்ளவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நகர்த்தல் குறியீடு தெரிந்திருந்தால் போதும். மூன்று ஆட்டங்களைப் பார்க்கப் போகிறோம்: 1962 ஸ்டாக்ஹோம், 1972 ரெய்க்யவிக், 1973 ஹில்வர்சம். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே சிப்பாய் அமைப்பு. இரண்டில் கறுப்பு ராணி பி7-க்குப் போனது, கறுப்பு வென்றது. ஒன்றில் ராணி இ7-இலேயே தங்கியது, கறுப்பு தோற்றது. இந்தத் தற்காப்பில் மனப்பாடம் செய்ய வேண்டிய நகர்த்தல்கள் எவ்வளவோ இருக்கின்றன. அவை எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த ராணியின் இடம் புரிந்துவிட வேண்டும்.

திரையில் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போவதைவிட, மரப்பலகையோ ரெக்சின் விரிப்போ எதிரில் வைத்துக் கையால் காய்களை நகர்த்துங்கள். கணினி மதிப்பீட்டை முதல் சுற்றில் திறக்கவே வேண்டாம்.

முதல் ஏழு நகர்த்தல்கள்

வழக்கமான வரிசை இது:

1. டி4 டி5 2. சி4 இ6 3. குதிரை சி3 குதிரை எஃப்6 4. குதிரை எஃப்3 பிஷப் இ7 5. பிஷப் ஜி5 கேஸ்லிங் 6. இ3 ஹெச்6 7. பிஷப் ஹெச்4 பி6

ஃபிஷர் 1. சி4 என்று தொடங்கினார். 1. இ4-ஐத் தவிர வேறெதையும் நம்பாதவர் என்று உலகமே நினைத்திருந்த மனிதரிடமிருந்து வந்த நகர்த்தல் அது. பிறகு 1... இ6 2. குதிரை எஃப்3 டி5 3. டி4 குதிரை எஃப்6 4. குதிரை சி3 பிஷப் இ7 5. பிஷப் ஜி5 கேஸ்லிங் 6. இ3 ஹெச்6 7. பிஷப் ஹெச்4 பி6 என்று அதே நிலைக்கு வந்து சேர்ந்தது. வரிசை மாறி அதே நிலை வருவது இந்தத் தொடக்கத்தில் அடிக்கடி நடக்கும். ஆகவே நகர்த்தல் எண்ணை நினைவில் வைக்காமல் நிலையை நினைவில் வையுங்கள்.

6... ஹெச்6 எதற்கு? வெள்ளை பின்னால் பிஷப் டி3, ராணி சி2 என்று அடுக்கினால் ஹெச்7-தான் இலக்கு. சிப்பாய் ஏற்கெனவே ஹெச்6-க்கு வந்துவிட்டால் அந்த மூலைவிட்டத்தில் இலவசமாக அடிக்க எதுவும் இருக்காது. இதை விட்டுவிட்டு நேராக பி6 ஆடுகிறவர்கள் பிறகு ஹெச்7-ஐக் காக்கவே ஒரு நகர்த்தலைச் செலவிட வேண்டிவரும்.

ஏழாவதில் பி6-க்கு மாற்றாகக் குதிரை இ4 ஆடினால் அது லாஸ்கர் தற்காப்பு. 2010-இல் சோஃபியாவில் டோபலோவுக்கு எதிரான கடைசி, பன்னிரண்டாவது ஆட்டத்தில் விஸ்வநாதன் ஆனந்த் கறுப்பில் அதைத்தான் ஆடி, வென்று, பட்டத்தைத் தக்கவைத்தார். இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சாலைகள். லாஸ்கரில் காய்கள் வேகமாக மாறிவிடும், நிலை அமைதியாகும். டார்டகோவரில் சிப்பாய்கள் நடுவில் உயிரோடு இருக்கும். வெல்லவும் வேண்டும் என்று கறுப்பை எடுப்பவர்களுக்கு என் பரிந்துரை டார்டகோவர்தான்.

எட்டு முதல் பதினொன்று வரை: காய்மாற்றம்

8. சி×டி5 குதிரை×டி5 9. பிஷப்×இ7 ராணி×இ7 10. குதிரை×டி5 இ×டி5 11. யானை சி1 பிஷப் இ6

எட்டாவதில் ஏன் குதிரையால் எடுக்க வேண்டும்? சிப்பாயால் எடுத்தால் பி7-க்குப் போகவிருக்கும் பிஷப்புக்கு எதிரே டி5-இல் தன் சிப்பாயே சுவராகிவிடும். குதிரையால் எடுத்தால் இரண்டு ஜோடிக் காய்கள் மாறுகின்றன. இடநெருக்கடியில் இருப்பவர் காய்களை மாற்றிக்கொண்டால் மூச்சு விடலாம்.

கடைசியில் எப்படியும் டி5-இல் சிப்பாய் வந்து நிற்கிறதே? வரத்தான் செய்கிறது. அதனால்தான் பிஷப் இப்போது பி7-க்குப் போகாமல் இ6-க்குப் போகிறது. அங்கிருந்து டி5-ஐயும் காக்கும், பி ஃபைலையும் அடைக்காது. "பி6 ஆடிவிட்டோம், ஆகவே பிஷப் பி7-க்குத்தான் போக வேண்டும்" என்று பழக்கத்தில் ஆடுகிறவர்கள் இங்கே முதல் சறுக்கலைச் சந்திக்கிறார்கள். பி7 ராணிக்கு வேண்டிய இடம், அதை பிஷப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பன்னிரண்டு, பதின்மூன்று: கட்டு விழுகிறது

12. ராணி ஏ4 சி5 13. ராணி ஏ3 யானை சி8

இங்கே நிறுத்தி நிலையைச் சரிபாருங்கள். வெள்ளை: ராஜா இ1, ராணி ஏ3, யானைகள் சி1, ஹெச்1, பிஷப் எஃப்1, குதிரை எஃப்3, சிப்பாய்கள் ஏ2, பி2, டி4, இ3, எஃப்2, ஜி2, ஹெச்2. கறுப்பு: ராஜா ஜி8, ராணி இ7, யானைகள் ஏ8, சி8, குதிரை பி8, பிஷப் இ6, சிப்பாய்கள் ஏ7, பி6, சி5, டி5, எஃப்7, ஜி7, ஹெச்6.

வெள்ளை ராணி ஏ3-இலிருந்து பி4, சி5, டி6 வழியாக இ7-ஐப் பார்க்கிறது. நடுவில் சி5 சிப்பாய். அது அசைந்து டி4-இல் எடுத்தால் பின்னால் இருக்கும் ராணி அடிபடலாம். இப்படி ஒரு காயை அசையவிடாமல் பிடித்துவைப்பதுதான் கட்டு (பின்). இ7 ராணிக்கு இப்போது காவல் எதுவும் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாமே இந்த ஒரு கட்டைச் சுற்றித்தான் நடக்கப்போகிறது.

வெள்ளை டி×சி5 என்று எடுத்து, கறுப்பு பி×சி5 என்று திருப்பி எடுத்தால், சி5-டி5 ஜோடி பிறக்கும். பக்கத்து ஃபைல்களில் துணைச் சிப்பாய் இல்லாததால் இவற்றைத் தொங்கும் சிப்பாய்கள் என்பார்கள். இவற்றின் பலம்: பி4, சி4, டி4, இ4 என நான்கு கட்டங்களை ஆள்கின்றன, பி ஃபைல் திறந்து பி2-மேல் அழுத்தம் கிடைக்கிறது. பலவீனம்: ஒன்று முன்னேறினால் மற்றது பின்தங்கும், இரண்டையும் காய்களை வைத்தே காக்க வேண்டும். காய்கள் சுறுசுறுப்பாக இருக்கும்வரை இவை சொத்து. காய்கள் காவலுக்கு மட்டும் நிற்கத் தொடங்கினால் அதே ஜோடி கடனாகிவிடும்.

ஸ்டாக்ஹோம் 1962: கறுப்புக்கு எல்லாம் சரியாக நடந்தால்

ஸ்டாக்ஹோம் இன்டர்சோனல் (உலகப் பட்டத்துக்கான தகுதிச்சுற்று) போட்டியில் மாரியோ பெர்டோக்குக்கு எதிராகக் கறுப்பில் ஆடியவர் வேறு யாருமில்லை, ஃபிஷர்தான். பெர்டோக் பதினொன்றாவதில் யானை சி1-க்குப் பதிலாக மெதுவான பிஷப் இ2 ஆடினார்:

11. பிஷப் இ2 பிஷப் இ6 12. கேஸ்லிங் சி5 13. டி×சி5 பி×சி5 14. ராணி ஏ4 ராணி பி7 15. ராணி ஏ3 குதிரை டி7 16. குதிரை இ1 ஏ5 17. குதிரை டி3 சி4 18. குதிரை எஃப்4 யானை எஃப்-பி8

இதில் வெள்ளை ராணி ஏ3-க்கு வரும்போது இ7-இல் யாருமே இல்லை. கட்டுப்போட ஆள் இல்லாத ராணி ஏ3-இல் வெறுமனே ஓரமாக நிற்கிறது. குதிரை டி7-க்கு நிம்மதியாக வருகிறது. ஏ5 சிப்பாய் பி4 கட்டத்தை எடுத்துக்கொள்கிறது. சி4 தள்ளியதால் டி5 பின்தங்கியது உண்மை, ஆனால் அதற்கு ஈடாக பி2-இல் ராணியும் யானையும் ஒரே ஃபைலில் அழுத்துகின்றன. எஃப்4-இல் வந்த வெள்ளைக் குதிரையை 21... ஜி5 என்று விரட்டியதும் அதற்கு நல்ல புகலிடம் இல்லை. டி5-இல் தன்னைக் கொடுத்தது, ஈடாக இரண்டு சிப்பாய்கள். அது போதவில்லை. முப்பத்தொன்றாவது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது.

தொங்கும் சிப்பாய்களை எப்படி ஆடுவது என்று பத்து வருடம் முன்பே கறுப்பில் ஆடிக் காட்டியவர், ரெய்க்யவிக்கில் அதே சிப்பாய்களை எப்படி உடைப்பது என்று வெள்ளையில் காட்டினார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பதில் கிடைக்கும் தெளிவு தனியாக ஒன்றைப் படிப்பதில் வராது.

ரெய்க்யவிக் 1972: கட்டு கழலாவிட்டால்

பின்னணி இரண்டு வரியில்: முதல் ஆட்டத்தில் ஃபிஷர் தோற்றார், இரண்டாவதுக்கு வராமல் புள்ளியை இழந்தார். பிறகு மூன்றிலும் ஐந்திலும் வென்று, நான்கைச் சமன் செய்து 2.5–2.5 என்று வந்திருந்தார்.

14. பிஷப் பி5

இந்த நகர்த்தலின் வேலை குதிரையைத் தடுப்பது. பி8 குதிரை டி7-க்கோ சி6-க்கோ வந்தால் பிஷப் அதை எடுத்துவிடலாம் என்ற மிரட்டல் நிற்கிறது.

14... ஏ6

இயல்பாகக் கை போகும் இடம். பிஷப்பைத் தாக்குகிறது போலத் தெரியும். தாக்கவில்லை. ஏ6 சிப்பாய் பி5-இல் எடுத்தால் ஏ ஃபைல் திறக்கும், ஏ3 ராணி ஏ8 யானையை எடுத்துவிடும். பி8-இல் குதிரை குறுக்கே நிற்பதால் சி8 யானையால் ஏ8-ஐக் காக்க முடியாது. கிளப் ஆட்டங்களில் இந்த ஒரு தவறு திரும்பத் திரும்ப வரும்: சிப்பாயை நகர்த்திவிட்டு, தாக்கிவிட்டோம் என்று நம்பி, எதிராளி பிஷப்பை அப்படியே விட்டுவிட்டு வேறெங்கோ ஆடும்போது திகைப்பது. ஃபிஷரும் விட்டுவிட்டார். அதுவும் இரண்டு நகர்த்தலுக்கு.

15. டி×சி5 பி×சி5 16. கேஸ்லிங் யானை ஏ7 17. பிஷப் இ2

இப்போதுதான் யானை ஏ7-க்கு வந்து, இ7 ராணியின் காவலில் நின்றுகொண்டு, பிஷப்பை உண்மையாகத் தாக்குகிறது. பிஷப் பின்வாங்குகிறது. கணக்குப் பாருங்கள்: கறுப்பு ஏ6, யானை ஏ7 என இரண்டு நகர்த்தல்களைச் செலவழித்தது. பதிலுக்குக் கிடைத்தது ஏ5-இல் இருந்திருக்க வேண்டிய சிப்பாய் ஏ6-இலும், பி8-இல் நின்றிருக்க வேண்டிய யானை ஏ7-இலும். வெள்ளை ஏற்கெனவே கேஸ்லிங் முடித்துவிட்டது.

17... குதிரை டி7

இந்த நகர்த்தலை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். ஒரு நொடி முன்புவரை ஏ7 யானை ஏழாவது ரேங்க் வழியாக இ7 ராணியைக் காத்துக்கொண்டிருந்தது. அப்போது வெள்ளை குதிரை டி4 ஆடியிருந்தால், சி×டி4 என்று துணிந்து எடுக்கலாம்: ராணி×இ7 யானை×இ7, சி ஃபைலில் யானைகள் மாறும், குதிரை ஒன்று லாபம். குதிரை டி7-க்கு வந்ததும் அந்தக் கோடு அறுந்துவிட்டது. ராணி மறுபடியும் அநாதை. உடனே:

18. குதிரை டி4

இப்போது சி×டி4 ஆடினால் ராணியே போகும். குதிரை இ6 பிஷப்பையும் குறிவைக்கிறது, பி3 வழியாக சி5-ஐயும் குறிவைக்கிறது. குதிரையை வெளியே கொண்டுவருவது நல்ல காரியம் என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பது சரிதான். எந்தக் காவல் கோட்டின்மேல் அது போய் நிற்கிறது என்று பார்க்காமல் கொண்டுவந்தால் இப்படி ஆகும். 17... சி4 ஆடி ராணிகளை மாற்றியிருந்தால் சற்றே நோவுள்ள எண்ட்கேம்தான், ஆனால் தாங்கக்கூடியது.

18... ராணி எஃப்8 19. குதிரை×இ6 எஃப்×இ6 20. இ4

நல்ல இடத்தில் நின்ற குதிரையை, டி5-க்கு முட்டுக்கொடுக்கும் பிஷப்புக்காக மாற்றுகிறார். இது பலருக்குச் செய்ய மனம் வராத காய்மாற்றம். ஆனால் வெள்ளைக் கட்டங்களில் ஓடும் பிஷப் இனி பலகையில் ஒன்றே ஒன்றுதான், அது ஃபிஷருடையது. இ4 என்று நடுவை இடித்ததும் சி5-டி5 ஜோடி முடிவெடுத்தாக வேண்டும். டி×இ4 என்றால் ஏ6, சி5, இ4, இ6 எல்லாம் தனித்தனிச் சிப்பாய்களாகச் சிதறும். சி4 என்றால் 21. ராணி ஹெச்3 ராணி எஃப்7 22. பிஷப் ஹெச்5 என்று தொல்லை வரும், ஆனாலும் டி5 நின்று மூலைவிட்டத்தை மூடிவைக்கும். ஸ்பாஸ்கி தேர்ந்தெடுத்தது மூன்றாவது:

20... டி4

ஆட்டத்தில் ஒற்றைத் தவறு என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். சிப்பாய்கள் சி5, டி4 என்று கறுப்புக் கட்டங்களில் உறைந்துவிட்டன. சி4 கட்டம் வெள்ளை பிஷப்புக்கு நிரந்தர ஆசனம் ஆகிறது, அங்கிருந்து இ6 நேர்க்கோட்டில். டி4 சிப்பாய் பாதுகாப்பான, தடையற்ற சிப்பாய் போலத் தெரிவதுதான் ஆபத்து. அதை முன்னே தள்ள எந்தக் காயும் மிச்சமில்லை.

21. எஃப்4 ராணி இ7 22. இ5 யானை பி8 23. பிஷப் சி4 ராஜா ஹெச்8

22. இ5 டி5 கட்டத்தைக் கறுப்புக்குத் தருகிறதே என்று தோன்றலாம். குதிரை பி6 வழியாக அங்கே வந்து உட்கார்ந்தால் கறுப்பு பிழைத்துக்கொள்ளும். வரமுடியாது: 23... குதிரை பி6-க்கு 24. ராணி பி3 பதில். குதிரை சி4-இல் எடுத்தால் பி8 யானை செக்கோடு விழும். அதே சமயம் இ5 சிப்பாய் எஃப்6-ஐயும் மூடிவிட்டது. ஒரு குதிரைக்குப் போக உருப்படியான கட்டமே இல்லாமல் செய்வது எப்படி என்பதற்கு இந்த இரண்டு நகர்த்தல்களைவிடச் சுத்தமான பாடம் கிடைப்பது அரிது.

24. ராணி ஹெச்3 குதிரை எஃப்8 25. பி3 ஏ5 26. எஃப்5 இ×எஃப்5 27. யானை×எஃப்5 குதிரை ஹெச்7 28. யானை சி-எஃப்1

28. யானை எஃப்7 ஆடி ராணியைத் தாக்கக் கை துறுதுறுக்கும். அப்போது 28... குதிரை ஜி5 எஃப்7 யானையையும் ஹெச்3 ராணியையும் ஒருசேரத் தாக்கும். 29. யானை×இ7 குதிரை×ஹெச்3+ 30. ஜி×ஹெச்3 யானை×இ7 என்று முடியும்போது ராணிகள் மாறி, வெள்ளை யானைக்குப் பதில் குதிரையை மட்டும் வாங்கியிருக்கும். வெல்லும் நிலையில் இருப்பவர்கள்தான் இப்படி அவசரப்படுகிறார்கள். இரண்டாவது யானையைக் கொண்டுவர ஒரு நகர்த்தல், அவ்வளவுதான் செலவு.

28... ராணி டி8 29. ராணி ஜி3 யானை இ7 30. ஹெச்4 யானை பி-பி7 31. இ6 யானை பி-சி7 32. ராணி இ5 ராணி இ8

ஹெச்4 ஜி5-ஐ மூடுகிறது. இ6 பலகையை இரண்டாக வெட்டுகிறது: கறுப்பு யானைகள் ஏழாவது ரேங்கில் ஒன்றன் பக்கம் ஒன்றாக நின்று பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

33. ஏ4 ராணி டி8 34. யானை எஃப்1-எஃப்2 ராணி இ8 35. யானை எஃப்2-எஃப்3 ராணி டி8 36. பிஷப் டி3 ராணி இ8

இந்த நான்கு நகர்த்தல்களைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். எதிராளியால் எதுவும் செய்ய முடியாதபோது அவசரப்படத் தேவையில்லை என்று ஃபிஷர் காட்டுகிறார். ஏ5-ஏ4 என்ற கடைசி எதிர்ப்பையும் அடைத்து, யானைகளை மேலே ஏற்றி, பிஷப்பை ஹெச்7-ஐப் பார்க்கத் திருப்புகிறார். ராணி டி8-இ8 என்று உலாவுவதே ஸ்பாஸ்கியிடம் மிச்சம்.

37. ராணி இ4 குதிரை எஃப்6 38. யானை×எஃப்6 ஜி×எஃப்6 39. யானை×எஃப்6 ராஜா ஜி8 40. பிஷப் சி4 ராஜா ஹெச்8 41. ராணி எஃப்4, கறுப்பு தோல்வியை ஒப்புக்கொண்டது.

37. ராணி இ4-இன் மிரட்டல்: யானை எஃப்8+ குதிரை×எஃப்8, யானை×எஃப்8+ ராணி×எஃப்8, ராணி ஹெச்7 மேட். ஜி7 சிப்பாய் ஏழாவது ரேங்கை மறைத்திருப்பதால் இ7 யானை ஹெச்7-க்கு உதவ முடியாது. 37... யானை×இ6 ஆடினாலும் அதே மேட்தான். அரங்கம் கைதட்டியபோது ஸ்பாஸ்கியும் சேர்ந்து கைதட்டினார். ஃபிஷர் 3.5–2.5 என முதன்முறையாக முன்னிலை பெற்றார், கடைசியில் 12.5–8.5 என வென்றார்.

ஹில்வர்சம் 1973: பதினான்காவது நகர்த்தலுக்கு மருந்து

ரெய்க்யவிக்கில் ஸ்பாஸ்கியின் உதவியாளர் குழுவில் இருந்தவர் எஃபிம் கெல்லர். அடுத்த ஆண்டு யான் டிம்மன் அதே 14. பிஷப் பி5-ஐ அவருக்கு எதிராக ஆடினார்.

14... ராணி பி7

ஒரே நகர்த்தலில் கட்டு கழன்றது, பி5 பிஷப் தாக்கப்பட்டது. டிம்மன் சிப்பாயை எடுத்தார்:

15. டி×சி5 பி×சி5 16. யானை×சி5 யானை×சி5 17. ராணி×சி5 குதிரை ஏ6

ஒரு சிப்பாய் போயிற்று. அதற்கு என்ன கிடைத்தது? 18. பிஷப்×ஏ6 ராணி×ஏ6 ஆனதும் கறுப்பு ராணி ஏ6-எஃப்1 மூலைவிட்டத்தைப் பிடித்துக்கொண்டது, வெள்ளையால் கேஸ்லிங் செய்ய முடியாது. 18. ராணி சி6 ஆடினால் 18... ராணி×சி6 19. பிஷப்×சி6 யானை பி8 என்று பி2-மேல் யானை பாயும். டிம்மன் பிஷப்பால் எடுத்தார்:

19. ராணி ஏ3 ராணி சி4 20. ராஜா டி2 ராணி ஜி4 21. யானை ஜி1 டி4 22. குதிரை×டி4 ராணி ஹெச்4

ராஜா நடுவில், ஹெச்1 யானை ஜி1-இல் முடங்கியது, எஃப்2-வும் ஹெச்2-வும் ஒருசேரத் தாக்குதலில். முப்பதாவது நகர்த்தல் வருமுன் வெள்ளை ஆட்டத்தை விட்டுவிட்டது. இங்கே அதே டி4 தள்ளுதல் வென்றது என்பதைக் கவனியுங்கள். ஸ்பாஸ்கியின் டி4 கோடுகளை மூடியது. கெல்லரின் டி4 நடுவில் நின்ற ராஜாவை நோக்கிக் கோடுகளைத் திறந்தது. தள்ளும் முன் கேட்க வேண்டிய கேள்வி: இதனால் யாருடைய காய்களுக்கு வழி திறக்கிறது?

பயிற்சி செய்யும் முறை

முதல் நாள், ஏறத்தாழ ஒரு மணி நேரம்: ஏழாவது நகர்த்தல்வரை பலகையில் வையுங்கள். பிறகு வரிசையை மாற்றி மாற்றி, 1. சி4, 1. குதிரை எஃப்3, 1. டி4 மூன்றிலிருந்தும் அதே நிலைக்கு வந்து சேருங்கள்.

அடுத்து, பதின்மூன்றாவது நகர்த்தலுக்குப் பின் உள்ள நிலையை நண்பரோடு ஆடுங்கள். 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 வினாடி கூடுதல் என்ற கணக்கு பொருத்தம். அதைவிடக் குறைத்தால் கட்டுகளைக் கணக்கிட நேரம் இருக்காது, பழக்கத்தில் ஆடத் தொடங்கிவிடுவீர்கள். நிறத்தை மாற்றி மாற்றி ஆறு ஆட்டமாவது ஆட வேண்டும். வெள்ளையில் ஆடும்போது 14. பிஷப் பி5, 14. பிஷப் இ2 இரண்டையும் முயலுங்கள். இ2-க்கு எதிராகக் கறுப்பு ராணி பி7 ஆடலாம், ராஜா எஃப்8 ஆடி இ7 ராணிக்குக் காவல் கொடுக்கவும் செய்யலாம். இரண்டாவது வழியில் கட்டு அப்படியே இருக்கும், அதன் கடி மட்டும் போய்விடும்.

மூன்றாவது, கசப்பான பகுதி: 22. இ5-க்குப் பின் உள்ள நிலையில் கறுப்பை எடுத்துத் தற்காத்துப் பாருங்கள். எதிரில் உங்களைவிடச் சற்றுப் பலவீனமானவர் இருந்தால்கூட சிரமம்தான். அந்தச் சிரமத்தைக் கையால் உணர்ந்தவர் இருபதாவது நகர்த்தலில் டி4-ஐ எளிதில் தள்ளமாட்டார். கணினியை இதற்குப் பிறகு திறக்கலாம். அப்போதும் எண்ணைப் பார்க்காமல், அது காட்டும் முதல் மூன்று நகர்த்தல்களில் உங்களுடையது இல்லையென்றால் ஏன் என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்.

ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பின்னும் மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: கறுப்பு ராணி எந்த நகர்த்தலில் இ7-ஐ விட்டது, பி8 குதிரை எந்த நகர்த்தலில் வெளியே வந்தது, தொங்கும் சிப்பாய்களில் எது முதலில் நகர்ந்தது. பத்து ஆட்டம் சேர்ந்தால் உங்கள் தோல்விகள் எங்கே கூடுகின்றன என்று தாளிலேயே தெரியும். பெரும்பாலும் குதிரை கடைசிவரை பி8-இல் இருந்த ஆட்டங்களாக இருக்கும்.

வெள்ளை எட்டாவதில் மாற்றாவிட்டால்

போட்டியில் எல்லோரும் 8. சி×டி5 ஆடமாட்டார்கள். 8. யானை சி1 அல்லது 8. பிஷப் டி3 வந்தால் பிஷப்பை நேராக பி7-க்குக் கொண்டுபோங்கள். நடுவில் காய்கள் மாறாதவரை அங்கே அதற்கு நல்ல பார்வை உண்டு. குதிரை டி7, பிறகு சி5 என்று தொடரலாம்.

கவனமாகப் படிக்க வேண்டியது 8. பிஷப் இ2. இதில் 8... பிஷப் பி7 9. பிஷப்×எஃப்6 பிஷப்×எஃப்6 10. சி×டி5 இ×டி5 11. பி4 என்று போகும். கார்போவ், கஸ்பரோவ் இருவரும் தங்கள் உலகப் பட்டப் போட்டிகளில் இரு பக்கமும் நின்று ஆடிய களம் இது. வெள்ளை பி ஃபைல் பக்கம் சிப்பாயைத் தள்ளி சி5-ஐ முன்கூட்டியே அடக்கப் பார்க்கிறது. அமைதியாக 11... சி6 ஆடலாம். உடனே மோத விரும்பினால் 11... சி5 12. பி×சி5 பி×சி5 13. யானை பி1 பிஷப் சி6 14. கேஸ்லிங் குதிரை டி7. இங்கும் தொங்கும் சிப்பாய்கள்தான், ஆனால் கறுப்பிடம் இரண்டு பிஷப்புகளும் உயிரோடு இருக்கின்றன. 15. பிஷப் பி5 வந்தால் 15... ராணி சி7 ஆடி சி6 பிஷப்புக்குக் காவல் கொடுங்கள்.